கோமளம் மறைத்த மஞ்சள்

ஜோகுபாளையத்தில் கோமளத்தை உட்கார்ந்த நிலையில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. சாப்பாட்டைக்கூட சமையல் மேடைமேல் தட்டை வைத்து நின்றபடியே முடித்துவிடுவாள். குடிநீர் வாரியத்தின் கிளை அலுவலகம் ஒன்றில் இருபத்தாறு வருஷம் குமாஸ்தா. குழாய் அடைப்பு, சாக்கடை அடைப்பு என்று வருகிறவர்களின் புகாரை வாங்கிப் பதிவு செய்வது அவள் வேலை. நாற்காலி என்னவோ கொடுத்திருந்தார்கள். அவள் எழுந்து நின்றுதான் சண்டை போடுவாள்.

"அடைச்சுப் பதினஞ்சு நாள் ஆச்சுன்னு இன்னிக்கு வந்து சொல்றேளே! ஆத்துக்குள்ள முழுக்க ரொம்பினப்புறம்தான் வாயைத் திறக்கணும்னு யாராவது சொன்னாளா?"

தமிழர்களிடம் இப்படி. கன்னடக்காரர்களிடம் இதையே கன்னடத்தில், இன்னும் கொஞ்சம் காரமாக. சிவாஜி நகரிலிருந்து வருகிற பாய்களிடம் அரைகுறை உருதுவில். மூன்று பாஷையிலும் திட்டு வாங்கியவர்கள் அடுத்த தடவையும் அவளையே தேடி வந்தார்கள். புகாரை வாங்கிய அன்றைக்கே ஆளை அனுப்பிவிடுவாள் என்று அவளுக்குப் பெயர். அப்படிப்பட்டவள் தன் உடம்புக்குள்ளே ஒரு குழாய் அடைத்தபோது ஐந்து வாரம் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதற்கு அவள் வைத்திருந்த காரணத்தைக் கேட்டால் கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாது.

அவள் புருஷன் பத்ரிநாத் அவளுக்கு நேர் எதிர். அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் மைசூர் சர்க்கார் சம்பளம் வாங்கியவர்கள். இவரும் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, நிதானமாக உட்கார்ந்து, நிதானமாக ரிடையர் ஆனவர். ஒரே பிள்ளை ரித்விக், கம்ப்யூட்டர் கம்பெனியில். மருமகள் நிருபமாவும் ஒயிட்ஃபீல்டு பக்கம் அதே மாதிரி வேறொரு கம்பெனியில். நாலு பேருக்கும் ஒரே வீடு, ஒரே குளியலறை, காலையில் ஏழு மணிக்குள் ஒரு யுத்தம்.

கோமளத்துக்கு ஐம்பத்தோராவது வயதில் வயிறு வீங்க ஆரம்பித்தது. பிறகு கால். பிறகு ஒரு நாள் ரத்தமாக வாந்தி. ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள். காபியைத் தவிர வேறொரு வஸ்துவும் அறியாத வாய்க்கு இது எப்படி வரும் என்று உறவுக்காரர்கள் திகைத்தார்கள். சிலர் திகைப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் பத்ரிநாத்தை ஒரு மாதிரி பார்த்தார்கள். சர்க்கரை வியாதியும் கொழுப்பும் சேர்ந்தாலே போதும், குடிக்க வேண்டியதில்லை என்று டாக்டர் கோவிந்தப்பா விளக்கினார். மாற்று ஈரல் வைக்காவிட்டால் ஒரு வருஷம் என்றும் சொன்னார்.

பத்ரிநாத்துக்கு வயது கடந்துவிட்டது. ரித்விக் சட்டையைக் கழற்றிக்கொண்டு முன்னால் போனான். அவன் ஈரலைப் படம் எடுத்துப் பார்த்தால் அதிலும் கொழுப்பு. பேக்கரி பேக்கரியாகப் போய் எக் பஃப்ஸ் தின்று வளர்த்த கொழுப்பு. எக் பஃப்ஸ் விஷயமே அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரியும். அம்மா படுத்த படுக்கையிலிருந்தே அவனை ஒரு பிடி பிடித்தாள். அப்போது நிருபமா, "எனக்கும் ஓ பாசிட்டிவ்தானே, என்னையும் பாக்கச் சொல்லுங்கோ" என்றாள். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது அந்தப் பெண்ணுக்கு.

அவளுடைய ஈரல் பொருந்தியது. சட்டம்தான் பொருந்தவில்லை. உறுப்பு தருவதற்கு நெருங்கிய உறவினர் என்று சர்க்கார் ஒரு பட்டியல் வைத்திருந்தது. புருஷன், மனைவி, அப்பா, அம்மா, பிள்ளை, பெண், கூடப் பிறந்தவர்கள். மருமகள் அதில் இல்லை. கமிட்டி ஒன்றின் முன்னால் போய் நின்று, கல்யாண ஆல்பத்தைக் காட்டி, யாரும் மிரட்டவில்லை, யாரும் நகை போடவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. மாமியாருக்கு ஏன் கொடுக்கிறாய் என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார்.

"தினம் காத்தால எனக்குக் காபி கலந்து கையில குடுத்துட்டுதான் அவா குடிக்கறா. வேற என்ன காரணம் வேணும் சார்?"

அனுமதி கிடைத்தது. 2006 மார்ச்சில், பதினாலு மணி நேர ஆபரேஷன். நிருபமாவின் ஈரலில் பாதிக்கு மேல் அறுத்து எடுத்துக் கோமளத்துக்குள் வைத்துத் தைத்தார்கள். ஈரலில் ஊறும் பித்தம் குடலுக்கு இறங்க வேண்டுமே, அதற்காக நிருபமாவின் ஈரலிலிருந்து வந்த மெல்லிய குழாயைக் கோமளத்தின் சொந்தக் குழாயோடு ஒட்டுப் போட்டார்கள். இடியாப்ப நூல் கனம்தான் இருக்கும், அங்கேதான் பிற்பாடு தொந்தரவு வரும், கவனமாக இருங்கள் என்று கோவிந்தப்பா அப்போதே எச்சரித்தார்.

வீட்டுக்கு வந்து இருபது நாள் இருக்கும். பத்ரிநாத்தின் தங்கை ஸ்ரீலக்ஷ்மி பனசங்கரியிலிருந்து பார்க்க வந்தாள். கெட்டவள் இல்லை. வாய்க்கும் மூளைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்குமே, அது மட்டும் அவளுக்குக் கிடையாது. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"சட்டமே மருமகளைச் சொந்தம்னு ஒத்துக்கலை பாருங்கோ மன்னி. உடம்பு ஒத்துக்கணுமே. ரத்த பந்தம்னா அது வேற. பாப்போம், பெருமாள் இருக்கார்."

பிஸ்கட் தட்டோடு அறைக்குள் வந்துகொண்டிருந்த நிருபமா அதைக் கேட்டாள். வயிற்றுத் தையலில் இன்னும் கட்டு இருந்தது அவளுக்கு. தட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். கோமளம் மருமகளின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு கோணியிருந்ததை அவளால் மறக்க முடியவில்லை. இந்த வார்த்தை பலிக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். உடம்பு ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். அவள் தீர்மானித்தால் உடம்பு என்ன செய்யும், பாவம்.

ஆறு மாதம் ஒத்துக்கொண்டது. மாத்திரைகளை மணி தவறாமல் விழுங்கினாள். அல்சூர் ஏரியை ஒரு சுற்று நடந்தாள். நிருபமாவும் பழையபடி ஆபீஸ் போக ஆரம்பித்தாள், அவளுக்கு ஈரல் திரும்ப வளர்ந்துவிட்டது என்று படம் எடுத்துக் காட்டினார்கள்.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்த மறுநாள் கோமளத்துக்கு உள்ளங்கால் அரித்தது.

கொசு என்று நினைத்தாள். மறுநாள் உள்ளங்கையும் அரித்தது. மூன்றாம் நாள் தோளும் முதுகும். தோலுக்கு மேலே ஒரு தடிப்பு இல்லை, ஒரு சிவப்பு இல்லை. அரிப்பு தோலுக்கு அடியில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது, சொறிந்தால் வேறு இடத்துக்குப் போயிற்று. வாசல் கால்மிதி தேங்காய் நார். அதன்மேல் நின்றுகொண்டு காலைத் துடைக்கிற பாவனையில் தேய் தேயென்று தேய்ப்பாள். உள்ளே வருவாள், இரண்டு நிமிஷம் பொறுப்பாள், மறுபடி வாசலுக்குப் போவாள். எதிர்வீட்டு சாந்தகுமாரி, "யாரை மாமி எதிர்பாக்கறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

ஃப்ரிட்ஜின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்தது, பத்ரிநாத் நாலு மூலைக்கும் டேப் போட்டு ஒட்டியது. காய்ச்சல், குளிர், அரிப்பு, மஞ்சள் கண், கறுத்த சிறுநீர். இதில் எது வந்தாலும் அன்றே வரவும். கோமளம் அதைப் படித்தாள். கொலுவுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலை எழுதி அதன் மேலேயே ஒட்டினாள்.

பயம் இல்லாமல் இல்லை. பயம்தான் முழுக்க. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் ஏதாவது சொல்வார். அது பத்ரிநாத் வழியாகப் பனசங்கரி போகும். அங்கிருந்து கல்யாணம், கார்த்திகை, வளைகாப்பு எல்லாவற்றுக்கும் போகும். 'நிருபமா குடுத்தது ஒத்துக்கலையாம்' என்று அந்தப் பெண்ணின் காதுபட நாலு பேர் பேசுவார்கள். வயிற்றைக் குறுக்கே அறுத்துக் கொடுத்தவளுக்கு அதுவா கூலி? இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்று நினைத்தாள். நாலு நாள் கழிந்ததும் இன்னும் நாலு நாள். அவள் மேஜைக்கு முன்னால் வந்து திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

செப்டம்பர் பத்தாம் தேதி வாக்கில் கண்ணாடியில் மஞ்சள் தெரிந்தது.

அன்றைக்கே மஞ்சள் பூசிக் குளிக்க ஆரம்பித்தாள். உடம்பு கெட்டு வேலையை விடும் வரை வெள்ளிக்கிழமை மட்டும் பூசுவது வழக்கம். இப்போது தினம். பூசு மஞ்சளைக் குழைத்து முகம், கழுத்து, கை, கால் என்று தாராளமாகப் பூசினாள். கேட்டால் நவராத்திரி வருகிறதே, சுமங்கலிகள் பூசாமல் யார் பூசுவார்கள் என்று பதில் தயாராக இருந்தது. யாரும் கேட்கவில்லை. பத்ரிநாத் பேப்பரைத் தாழ்த்தி ஒரு நாள், "முகத்துல களை வந்துடுத்து கோமளம்" என்று வேறு சொன்னார். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன மூன்றாவது பாராட்டு. அவள் சமையலறைக்குள் போய் அழுதாள்.

கண்ணை மஞ்சள் பூசி மறைக்க முடியாது. அதற்குக் கறுப்புக் கண்ணாடி. வெயில் கூசுகிறது என்றாள். நிருபமாவுக்கு அந்த மாதம் ஆபீசில் ஏதோ முடிக்க வேண்டிய அவசரம். சனி ஞாயிறுகூடக் கிடையாது, காலையில் இருட்டோடு வண்டி ஏறினால் விளக்கு வைத்துத்தான் வருவாள். சமையலறையில் அறுபது வாட் குண்டு பல்பு. அந்த வெளிச்சத்தில் எல்லோருமே மஞ்சள்தான். ரித்விக்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அம்மா பச்சை நிறத்தில் வந்து நின்றாலும் சட்டினி கேட்கிற பிள்ளை.

மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகிறவன் முனியப்பன். நாற்பது வயது மனிதன், நீலசந்திராவிலிருந்து ஸ்கூட்டரில் வருவான். அவனை வாசலிலேயே நிறுத்தி, "கொலு முடியட்டும்ப்பா, பண்டிகை நாள்ல ஊசி வேண்டாம்" என்றாள்.

"மாமி, டாக்டர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான் ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லு."

அவன் போன பிறகு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பொம்மைகளை எடுத்துத் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். ஒன்பது படி கட்டினாள், கலைத்தாள், மறுபடி கட்டினாள். ஓய்ந்தால் அரிப்பு தெரியும். ராத்திரியை எப்படித் தள்ளினாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. பசி போயிற்று. வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெண்கள், மாமி என்ன சுறுசுறுப்பு, பெரிய ஆபரேஷன் ஆன உடம்பா இது என்று வியந்துவிட்டுப் போனார்கள்.

சரஸ்வதி பூஜை அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நிருபமா அன்று வீட்டில் இருந்தாள். காலை பதினோரு மணி. புஸ்தகங்களை அடுக்கிப் பூ வைத்துக்கொண்டிருந்த கோமளத்துக்குத் திடீரென்று உடம்பு உதறியது. பல் கிட்டியது. கையிலிருந்த தாம்பாளம் கீழே விழுந்து, பூ கூடம் முழுக்கச் சிதறியது. நிருபமா ஓடிவந்து தாங்கிப் பாயில் படுக்க வைத்து, இருந்த போர்வை எல்லாவற்றையும் போர்த்தினாள். உதறல் நின்றதும் காய்ச்சல் கொதித்தது. ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்தாள். வெள்ளைத் துண்டு மஞ்சளாயிற்று. துண்டை அலசிவிட்டு வந்து மறுபடி துடைத்தாள். மூன்றாவது தடவை துண்டு வெள்ளையாகவே இருந்தது. முகம் மஞ்சளாகவே இருந்தது.

நிருபமா மாமியாரின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். குட்டு வெளிப்பட்டது.

"எத்தனை நாளாம்மா?"

கோமளம் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கோவிந்தப்பாவும் அதையே கேட்டார். கோலாரில் வளர்ந்தவர், பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவார். "எஷ்டு திவசா ஆய்த்தும்மா? எத்தனை நாளா அரிக்குது?"

"நேத்திலேர்ந்து."

"ரத்தத்துல பிலிருபின் பதினாலு இருக்கு, ஒண்ணைத் தாண்டக் கூடாது. ஒரே நாள்ல பதினாலு வராதும்மா. நான் சொன்னா நம்புங்க."

ஒட்டுப் போட்ட இடத்தில் தழும்பு இறுகிக் குழாய் குறுகிவிட்டது. பித்தம் இறங்க வழியில்லாமல் மேலே தேங்கி, தேங்கியதில் கிருமி சேர்ந்து, கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. நரம்பில் மருந்து ஏற்றினார்கள். இரண்டாம் நாள் வாய் வழியாகக் கேமராக் குழாயை இறக்கி, குடல் பக்கத்திலிருந்து மெல்லிய கம்பியொன்றை அந்த ஒட்டுக்குள் நுழைக்கப் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம் போராடியும் கம்பி நுழையவில்லை. அவ்வளவு இறுகியிருந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் நுழைந்திருக்கும் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். மேற்கொண்டும் வழி கிடைக்காவிட்டால் ஈரலே கெட்டுவிடும், இரண்டாவது ஈரலுக்கு எங்கே போவது என்பதை அவர் சொல்லவில்லை. அங்கே நின்றவர்களுக்கு அது புரிந்தது. பத்ரிநாத் அன்றைக்கு உட்காரவில்லை. காரிடாரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடியே இருந்தார்.

அன்று மத்தியானம் மயக்கம் தெளிந்த கோமளத்தின் பக்கத்தில் நிருபமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முனியப்பனிடம் பேசிவிட்டாள், ஃப்ரிட்ஜ் காகிதத்தின் மேல் ஒட்டியிருந்த பட்டியலைக் கிழித்துவிட்டாள், குளியலறையில் கால் கிலோ மஞ்சள் டப்பா காலியாக இருப்பதையும் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா?"

கோமளம் சொன்னாள். வேறு வழியில்லை. ஸ்ரீலக்ஷ்மி சொன்னது, நாலு பேர் பேசப்போவது, இவள் பெயர் கெடக் கூடாது என்று நினைத்தது, எல்லாம். சொல்லி முடித்தால் மருமகள் கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். நிருபமாவுக்குப் பித்தம் தலைக்கேறியது.

"என் பேரைக் காப்பாத்தறதுக்கு என் ஈரலைக் கொல்லப் பாத்தேளா? என்னைக் கேட்டேளா? அத்தை என்னவோ சொல்லிட்டுப் போறா, நான் அன்னிக்கே மறந்துட்டேன். நீங்க அதைப் பிடிச்சுண்டு அஞ்சு வாரம்... அஞ்சு வாரம்மா! உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா ஊர் சொல்றதா எனக்குப் பெருசு? நான் எங்க போய் நிப்பேன்?"

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிருபமா கவலைப்படவில்லை. கோமளத்தைக் கல்யாணமான நாளிலிருந்து யாரும் இப்படித் திட்டியதில்லை. ஆனால் எங்கோ ஒரு மூலையில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது, ஐந்து வாரமாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்த நிம்மதி.

அன்று சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த கோவிந்தப்பாவைக் கோமளம் ஒரு கேள்வி கேட்டாள்.

"டாக்டர், குறுகினது எந்தப் பக்கம்? அவ குடுத்த பக்கமா, என் பக்கமா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். "ரெண்டும் சேர்ற ஜாகாலதாம்மா. ஈரல் ஃபர்ஸ்ட் கிளாஸ். தையல் போட்ட இடம் இறுகிருச்சு. அதுல பாதி உங்களுது, பாதி அவங்களுது. யாரைக் குத்தம் சொல்வீங்க?"

கீழிருந்து வழியில்லாததால் மேலிருந்து வந்தார்கள். விலா எலும்புக்கு நடுவே ஊசி குத்தி, ஈரலுக்குள்ளேயே ஒரு குழாய் வைத்து, பித்தத்தை வெளியே ஒரு பைக்கு இறக்கினார்கள். நல்லெண்ணெய்க் கசடு மாதிரி பித்தம் அந்தப் பையில் நிறைந்தது. அரிப்பு நாலாம் நாள் குறைந்தது. மூன்று வாரம் அந்தப் பையைத் துணிப்பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தாள் கோமளம். பத்ரிநாத் காலையும் மாலையும் அளவுக் கோப்பையில் பித்தத்தை அளந்து எழுதினார். அவருக்கும் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. பிறகு மேலிருந்து ஒரு கம்பியைத் தள்ளி, கீழே கேமரா வழியாக அதன் நுனியைப் பிடித்து இழுத்தார்கள். வழி திறந்தது. குறுகிய இடத்தைப் பலூனால் விரித்து, மூடாமலிருக்க இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் வைத்தார்கள்.

அதோடு முடியவில்லை. அந்தக் குழாய்களில் மூன்று மாதத்துக்குள் கசடு அடைத்துவிடும், அதற்குள் மாற்ற வேண்டும். தழும்பு விரிந்து நிலைக்கும் வரை ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ இப்படித்தான். ஜனவரியில் மாற்றினார்கள், ஏப்ரலில் மாற்றினார்கள், ஜூலையில் மாற்றினார்கள். இரண்டு குழாய் மூன்றாயிற்று. ஒவ்வொரு தடவையும் பட்டினி, ஊசி, தொண்டை எரிச்சல். கோமளம் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தாள். அடுப்பில் பால் வைத்திருக்கும்போது உள்ளங்கையைப் பார்ப்பாள். பேசிக்கொண்டே இருக்கிறவள் நடுவில் நிறுத்தி, வெளிச்சத்துக்குப் போய்க் கண்ணாடி பார்ப்பாள். நிருபமா ஆபீஸ் கிளம்பும் முன் மாமியாரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சூரிய வெளிச்சத்தில் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுவாள். வீட்டில் மஞ்சள் சாம்பாருக்கு மட்டும்.

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கு முந்தைய வெள்ளியில் வரலக்ஷ்மி நோன்பு. ஸ்ரீலக்ஷ்மி வீட்டில் வருஷா வருஷம் விமரிசையாக நடக்கும். பனசங்கரிக்கு நிருபமாதான் லீவு போட்டுக் காரோட்டிக்கொண்டு வந்தாள். பதினைந்து பெண்கள், பட்டுப் புடவை, கலசத்துக்கு முன்னால் கொழுக்கட்டை மலை. ஸ்ரீலக்ஷ்மி ஒவ்வொருவரிடமும், "எங்க மன்னியைப் பாருங்கோ, ஜம்முனு இருக்கா!" என்று காட்டிக்கொண்டிருந்தாள். அவளும் இந்த ஒரு வருஷத்தில் கோயில் கோயிலாகப் போய் வேண்டிக்கொண்டவள்தான், அதையும் சொல்ல வேண்டும்.

ஜம்மென்று இருந்த மன்னிக்குக் காலையிலிருந்தே நிலைகொள்ளவில்லை. ஆறு மணிக்குச் சிறுநீர் தேயிலைத் தண்ணீர் மாதிரிப் போயிற்று. குளிக்கும்போது உள்ளங்கால் அரித்தது. ஜூலையில் வைத்த குழாய்க்கு அக்டோபர் வரை கெடு இருக்கிறதே, இது ஏதோ சூடு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கிளம்பும் அவசரத்தில் அன்றைக்கு வாசல் சோதனையும் இல்லை. பூஜை முடியட்டும். நல்ல நாளில் நாலு பேர் மத்தியில் எதற்கு? அந்தப் பழைய குரல் அவளுக்குள் பேச ஆரம்பித்துவிட்டது. பத்து மணிக்கு இரண்டு கையும் அரித்தது. புடவைத் தலைப்புக்குள் கையை ஒளித்துத் தேய்த்தாள். எழுந்தாள், சமையலறைக்குப் போனாள், தண்ணீர் குடித்தாள், வந்தாள், மறுபடி எழுந்தாள்.

பதினோரு மணிக்கு, பெண்கள் பாட்டு எடுக்க, சரடு கட்ட உட்கார்ந்தார்கள். ஸ்ரீலக்ஷ்மி நோன்புச் சரடைக் கையில் எடுத்துக்கொண்டு, "கையை நீட்டுங்கோ மன்னி" என்றாள்.

கோமளம் கையை நீட்டினாள். உள்ளங்கை சிவந்து கன்றியிருந்தது. நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்குக் குரல் கொடுத்தாள்.

"நிரூ! எனக்கு அரிக்கறது. காத்தாலேர்ந்து."

பாட்டு நின்றது. பதினைந்து பெண்களும் திரும்பினார்கள். சுண்டல் கிண்ணத்தை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் வைத்துவிட்டு நிருபமா கார் சாவியைத் தேடினாள். ஸ்ரீலக்ஷ்மி கையில் சரடோடு உறைந்துபோய், "அய்யோ, மறுபடியுமா? நான் அப்பவே நெனச்சேன், இது..." என்று ஆரம்பித்தாள்.

"என்ன நெனச்சே லக்ஷ்மி?" கோமளம் எழுந்து நின்றுவிட்டாள். சண்டைக்கு அவள் எப்போதும் எழுந்துதான் நிற்பாள். "அவ குடுத்த ஈரல் ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கு. ஒட்டுப் போட்ட இடந்தான் குறுகிப் போயிருக்கு. அதுல பாதி என்னோட குழாய், எங்கப்பா அம்மா குடுத்த குழாய், ரத்த பந்தம். கெட்டுப் போனது அதுதான்னு வச்சுக்கோ. எல்லார்கிட்டயும் சொல்லு."

ஸ்ரீலக்ஷ்மிக்கு முகம் சிவந்து, பிறகு கண் நிரம்பியது. வாசல் வரை ஓடிவந்து, கார்க் கதவைத் திறக்க விடாமல் கையைப் பிடித்து, சரடை மூன்று முடி போட்டாள். "போய்ட்டு வாங்கோ மன்னி" என்று மட்டும் சொன்னாள். நிருபமாவின் தோளையும் ஒரு தடவை தொட்டாள்.

மறுநாள் காலை குழாயை மாற்றினார்கள், காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே. கம்பி முதல் தடவையிலேயே நுழைந்தது. அதை இங்கேயே சொல்லிவிடலாம், படிக்கிறவர்களையும் எதற்குத் தவிக்கவிட வேண்டும்? ஆனால் காரில் போய்க்கொண்டிருந்த அந்த இரண்டு பேருக்கும் அது தெரியாது.

மினர்வா சர்க்கிள் பக்கம் வண்டிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. நிருபமா ஹாரனை அழுத்தினாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி அழுத்தினாள்.

"காத்தால எத்தனை மணிக்குத் தெரிஞ்சுது?"

"ஆறு."

"ஆறு மணிக்கே தெரிஞ்சு, பதினோரு மணிக்குச் சொல்றேளா? அஞ்சு மணி நேரம்! நான் தலைதலையா அடிச்சுண்டும் உங்களுக்குப் புத்தியே வராதா?"

"போன தடவை அஞ்சு வாரம்டி" என்றாள் கோமளம்.

நிருபமா திரும்பிப் பார்த்தாள். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பின்னால் நின்ற ஆட்டோக்காரன் கன்னடத்தில் ஏதோ கத்தினான்.

"அடுத்த தடவை?"

"உடனே சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கோமளம் செருப்பைக் கழற்றினாள். பட்டுப் புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, நடுத்தெருவில், பட்டப்பகலில், மருமகள் பார்க்க, இரண்டு கையாலும் பரபரவென்று சொறிந்துகொண்டாள்.